இரண்டு தலையணைகளுக்குக் காவல்

நான் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவன். அடுப்புப் பிரிவு. என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள், பகலில். நான் காலையில் வீடு திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். அவள் மாலையில் வந்து முகம் கழுவும்போது நான் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பேன். வார விடுமுறையாவது ஒத்துப்போகுமா என்றால், எனக்கு விடுமுறையான நாளில் அவளுக்குக் கடைசி வண்டி வரை ஓட்டம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டுமே என்று செய்துகொண்ட ஏற்பாடு இது. மகள் வளர்ந்து கல்லூரி விடுதிக்கே போய்விட்டாள். ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்து நான் பாத்ததே இல்லப்பா. ஒரு தடவ எங்கயாவது போயிட்டு வாங்க" என்று சொல்லி, மலையில் ஒரு விடுதியில் ஐந்து நாளுக்கு அறை போட்டுக் கொடுத்ததும் மகள்தான்.

அதே வாரம் எங்கள் ஃபோர்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பகல்ல ஒரு இடம் காலியாகுது. உன்னைத்தான் முதல்ல கேக்குறேன். லீவு முடியறதுக்குள்ள சொல்லிடு. இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன். ஒரு தடவ மாறிட்டா திரும்ப ராத்திரிக்கு வர முடியாது, பாத்துக்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆகாதவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

எனக்கு இஷ்டம்தான். தினமும் மாலையில் ஒரு மனுஷன் மாதிரி வீட்டில் உட்கார்ந்து அவளோடு சாப்பிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவளுக்கு அது வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை. இத்தனை வருடம் சாயங்கால வீட்டைத் தனியாக ஆண்டவள். அதில் திடீரென்று ஒரு தடியன் வந்து கால் நீட்டி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதனால் இந்த ஐந்து நாளையும் நான் ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டேன். ஒருவரையொருவர் தள்ளிவிடத் தோன்றாமல் ஐந்து நாள் ஓடினால் ஃபோர்மனிடம் சரி என்பது. மலை என்பதால் தள்ளிவிட இடத்துக்குப் பஞ்சமில்லை.

பரீட்சை பேருந்திலேயே ஆரம்பித்தது. அவள் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் வலது கால் தரையை அழுத்தியது. பாதி மலை ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். "அம்மா, ரெண்டு பேரும் பிரேக் போட்டா வண்டி ஏறாது."

"மூணாவது கியர்ல வளைக்காதீங்க, நான் காலை எடுத்துடறேன்" என்றாள் இவள். அதற்குப் பிறகு அவர் இரண்டாவது கியரில்தான் வளைத்தார். நான் எதையும் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன், இறங்கிய பிறகு அவள் சொல்லித்தான் தெரியும்.

என் உடம்பு பகலைக் கண்டால் படுத்துவிடும். அருவிக்குப் போனோம், அந்தச் சத்தம் தொழிற்சாலையின் காற்றாடிச் சத்தம் மாதிரியே இருந்ததால் பாறையில் சாய்ந்து உறங்கிப்போனேன். கம்பிவட வண்டியில் போகும்போது தூங்கினேன், வரும்போதும் தூங்கினேன். மலை விலங்குகளைப் பாடம் செய்து வைத்திருந்த காட்சிசாலையில் பெஞ்சில் உட்கார்ந்தவன் அப்படியே கண் மூடிவிட்டேன். ஒரு சின்னப் பெண் கரடியைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக என்னை நின்று பார்த்ததாம். கீழே பெயர்ப் பலகை எங்கே என்று தன் அம்மாவிடம் கேட்டதாம். இதையும் மனைவிதான் சொன்னாள். அவள் எடுத்த படங்களில் பின்னணியில் மலைகள் விதவிதமாக இருந்தன. முன்னணியில் நான் மட்டும் எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருந்தேன்.

"முழிச்சிருங்க" என்று சொல்லி ஒரு தடவை கையைக் கிள்ளினாள். அதற்கும் எழவில்லை என்று அலுத்துக்கொண்டாள். சும்மா சொன்னாளா நிஜமாகவே அலுத்தாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மாலையானால் கதை தலைகீழ். எனக்குத் தெம்பு வந்துவிடும். பசிக்கும். பேச வேண்டும்போல் இருக்கும். அவளோ ஜன்னலோர நாற்காலியில் வெளியே பார்த்து உட்கார்ந்துவிடுவாள். நான் தொழிற்சாலையில் நடந்த வேடிக்கைகளில் சிறந்தவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன். மாவு பிசையும் இயந்திரத்துக்குள் மேலாளரின் கண்ணாடி விழுந்த கதை உட்பட. எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். அந்தக் கதைக்கு இதுவரை யாரும் "ம்" என்று மட்டும் சொன்னதில்லை. பிறகு சாப்பிட்டாள், படுத்தாள், படுத்த உடனே தூங்கிவிட்டாள். நான் விளக்கை அணைத்துவிட்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு மாலை இப்படிப் போனது. ஃபோர்மனிடம் வேண்டாம் என்று எப்படி நாசூக்காகச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்து படுக்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் ஒருவர் எழுந்து போயாக வேண்டியிருக்கும். பக்கத்து இடம் காலியானால் மற்றவருக்கு விழிப்பு வந்துவிடும். அதனால் எழுபவர் தன் தலையணையைத் தன் இடத்தில் நீளவாக்கில் வைத்து, மேலே போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டுப் போவது. தூக்கத்தில் கை நீட்டினால் ஏதோ இருக்கிறது என்று கை திரும்பிவிடும். யார் ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. இருவரும் இதில் கைதேர்ந்தவர்கள். அதே மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது, தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்குவது. எங்களைத் திருடர்கள் பார்த்தால் பாடம் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் மலை உச்சிக்கு நடப்பதாக இருந்தோம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்குப் படுக்கை முள்ளாகக் குத்தியது. தலையணையை என் இடத்தில் கிடத்தி, போர்வையைப் போர்த்தி, பூனை நடையில் வெளியே வந்தேன். ரொட்டி வாசனை வந்தது. கீழே கடைத்தெருவில் ஏதோ ஒரு பேக்கரி அடுப்பு எரிகிறது. கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கின.

அங்கே ஒரு மனிதர் ஒற்றை ஆளாகத் தட்டுகளை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர், "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. பின்பக்கத் தட்டு கருகுது."

"தெரியும். அந்த மூலை அப்படித்தான்."

"பாதியில திருப்பி வெச்சா சரியாயிடும்."

"நீங்க திருப்புறீங்களா?" என்றார் கிண்டலாக. நான் உள்ளே போய்த் திருப்பினேன். விடுமுறையில் வந்தவன் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. கிளம்பும்போது சுடச்சுட இரண்டு பன் கொடுத்தார்.

அறைக்குத் திரும்பி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தேன். நன்றாக விடிந்திருந்தது. திரைச்சீலை மூடிய அரையிருட்டில் கட்டிலின் இரண்டு பக்கமும் மேடாக இருந்தது. என் பக்கத்து மேடு நான் வைத்தது. அந்தப் பக்கத்து மேடு அவள். இவ்வளவு நேரம் அவள் தூங்கிப் பார்த்ததில்லை. பாவம், எத்தனை வருட அலுப்போ. உச்சி எங்கேயும் ஓடிவிடாது என்று கதவைச் சாத்திவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து அறையில் ஒரு பல் டாக்டர் தங்கியிருந்தார். காலையில் அவர் வாய் கொப்பளித்தால் எதிர் மலை பதில் சொல்லும். செம்பும் கையுமாக வெளியே வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன்.

"சார், உள்ள தூங்குறாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். பஸ் ஓட்டுறாங்க."

"அடடா" என்றார், ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டது மாதிரி. செம்போடு உள்ளே போய்விட்டார்.

நான் அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். ஒரு தடவை போர்வை மெல்ல ஏறி இறங்கியது போலக்கூட இருந்தது. பாசம் முற்றினால் பஞ்சும் மூச்சு விடும். இவள் தூங்குவதைக் காவல் காப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவள் என்னை "உங்க இஷ்டம்" என்று தள்ளினாலும் பரவாயில்லை, இந்த ஒரு காலையாவது அவளுக்கு உபயோகமாக இருந்தோம் என்று நினைத்தேன். நினைத்தபடியே, வழக்கம்போல, தூங்கிவிட்டேன்.

விடுதிக்காரம்மா சந்தையிலிருந்து பையோடு படியேறி வந்த சத்தத்தில் விழித்தேன். உச்சிவேளை.

"என்ன சார், எழுந்துட்டீங்களா?"

"மெதுவா பேசுங்க. அவ தூங்குறா."

"யாரு?"

"என் வீட்டுக்காரி."

"அவங்கதான் விடிஞ்சதும் மேல போயிட்டாங்களே. 'அவர் நல்லா தூங்குறார், எழுப்பிடாதீங்க'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் அப்ப சந்தைக்குக் கிளம்பிட்டிருந்தேன்."

"நான் இங்கதான இருக்கேன்?"

"அதத்தான் நானும் பாக்குறேன்" என்றார் அந்த அம்மா.

உள்ளே போய்ப் போர்வைகளை விலக்கினேன். என் பக்கம் என் தலையணை. அவள் பக்கம் அவள் தலையணை. இரண்டும் அருகருகே, ரொம்ப அன்யோன்யமாகப் படுத்திருந்தன. அவளுக்குப் போன் போட்டேன். மேஜை மேல் அடித்தது. வண்டியில் ஏறினால் போனைத் தொடாத ஒழுக்கத்தை அவள் நடக்கும்போதும் விடுவதில்லை.

பல் டாக்டர் வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார். "அப்ப காலையிலேருந்து நான் கொப்பளிக்காம இருந்தது இதுங்களுக்காகவா?" என்றார்.

"சார், சிரிக்கற நேரமில்ல" என்றார் விடுதிக்காரம்மா. யாரும் சிரிக்கவில்லை, அவர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "மேல பனிமூட்டம் இறங்கிடுச்சு, பாருங்க. இப்ப இறங்கினா வழி தெரியாது. பாதி வழியில தகரக் கொட்டகை ஒண்ணு இருக்கு. புத்திசாலின்னா அங்க உக்காந்திருப்பாங்க. பாறையில வெள்ளை அடையாளம் போட்டிருக்கும், அதை விட்டு விலகாம போங்க."

அண்ணாந்து பார்த்தேன். மலையின் மேல்பாதி இல்லை. பன் இரண்டையும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுப்புக்கு முன்னால் நின்றே பழகிய உடம்பு, ஏற்றம் கண்டதில்லை. முதல் வளைவிலேயே நாக்கு தள்ளியது. மூட்டத்துக்குள் நுழைந்ததும் அடுத்த வெள்ளை அடையாளத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். எங்களுக்குள் சத்தம் போட்டுக் கூப்பிட்டே பழக்கமில்லை. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒரு அடையாளத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் தோன்றாத கெட்ட எண்ணம் இல்லை. பகல் வேலை, இரவு வேலை எல்லாம் மறந்துபோயிற்று. அவள் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எழுந்துட்டீங்களா? நல்லா தூங்குனீங்களா?"

எனக்கு மூச்சு வாங்கியது. பொறு என்று கை காட்டினேன். தகரச் சுவரில் சாய்ந்து, பேச்சு வந்ததும் சொன்னேன். "நான் தூங்கல. தலையணைதான் தூங்குச்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் தொட்டுப் பாத்தேனே. முதுகைத் தடவிக்கூடக் குடுத்தேன்."

"அதுக்குச் சுகமா இருந்திருக்கும். நானும் சும்மா இல்ல, உன் தலையணைக்கு மத்தியானம் வரைக்கும் காவல் இருந்தேன். பல் டாக்டரைக்கூடக் கொப்பளிக்க விடல."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை. எங்கள் வீட்டில் சிரிப்பதும் சத்தமில்லாமல்தான். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப நேத்து ராத்திரியும் நீங்க தூங்கலையா?"

"இல்ல."

"அதுக்கு முன்னால?"

"அருவியில தூங்குனேனே."

அவள் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரெண்டு நாள்ல மனுஷன் பழகிட்டாரு, ராத்திரி தூங்க ஆரம்பிச்சுட்டாருன்னு நெனச்சேன். அந்த சந்தோஷத்துலதான் எழுப்பாம வந்தேன். மேல ஒண்ணும் தெரியல, ஒரே வெள்ளை. ஆனா வழியெல்லாம் அதத்தான் நெனச்சுட்டே போனேன். கீழ வந்ததும் உங்ககிட்ட சொல்லிடணும்னு இருந்தேன்."

"என்ன சொல்லணும்னு?"

"பகலுக்கு வந்துடுங்கன்னு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பின்ன ஏன் உங்க இஷ்டம்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? எனக்கு ஆசைன்னு சொன்னா நீங்க வந்துடுவீங்க. வந்துட்டு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து, பகல்ல அடுப்பு முன்னால தூங்கி விழுந்தா? ஏற்கெனவே ஒரு தடவ கையைச் சுட்டுகிட்டு வந்தது போதாதா?"

"அது மட்டுந்தானா?"

ஷூவின் நாடாவை அவிழ்த்தாள்; மறுபடி கட்டினாள்.

"இன்னொண்ணும் இருக்கு. நான் சாயங்காலத்துல நல்லா இருக்க மாட்டேன்."

"அப்படின்னா?"

"வண்டியை விட்டு இறங்கினா ஒரு மணி நேரம் யாரு பேசினாலும் எனக்கு ஆகாது. நாள் முழுக்க ஹாரன், மணி, 'ஏம்மா நிறுத்தல, ஏம்மா எடுக்கல'ன்னு கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தா காது மூடிக்குது. வாயும் மூடிக்குது. நம்ம பொண்ணுக்குத் தெரியும், கதவைச் சாத்திட்டுப் படிப்பா. உங்களுக்குத் தெரியாது. நீங்க பாத்ததெல்லாம் சட்டையை மாட்டிகிட்டுக் கெளம்பற அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷம் நான் முகத்தைச் சரியா வெச்சுப்பேன். அதத் தினமும் ராத்திரி வரைக்கும் வெச்சிருக்க முடியுமா?"

"இங்க நீ பஸ் ஓட்டலையே?"

"உடம்பு ஓட்டுதே. அந்த நேரமானா தானா மூடிக்குது. நீங்க பாவம், ஏதோ கண்ணாடி மாவுல விழுந்த கதையெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க."

"நல்ல கதை அது."

"கேக்கவே இல்ல நான்" என்றாள்.

இரண்டு மாலையாக அவள் என்னை வெறுக்கிறாள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது இதைத்தான். எனக்கு அசடு வழிந்தது. வழக்கம்போல ஒரு ஜோக் அடித்து மழுப்பப் பார்த்தேன்.

"எனக்கு மத்தியானம் வாய் பிளந்துக்குது, உனக்குச் சாயங்காலம் வாய் மூடிக்குது. நல்ல ஜோடிதான்."

"விளையாடாதீங்க. தூக்கம் வரலன்னா என்ன பண்ணுவீங்க?"

"தெரியாது. பழகப் பாக்கணும். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ."

"பழகலன்னா?"

"அதுவும் தெரியாது" என்றேன். அதற்கு ஜோக் எதுவும் கிடைக்கவில்லை. "ஆனா நீ வாங்கன்னு சொல்றியா, அதச் சொல்லு."

"அது தலையணையைப் பாத்து சொன்னது."

"இப்ப என்னைப் பாத்து சொல்லு."

பார்த்தாள். தலை நனைந்து, மூக்கு சிவந்து, சட்டைப்பையில் இரண்டு நசுங்கிய பன்னோடு நான் உட்கார்ந்திருந்தேன். பெரிய காட்சி என்று சொல்ல முடியாது. அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

"வாங்க" என்றாள்.

பன்னை ஆளுக்கொன்றாகத் தின்றோம். மூட்டம் கொஞ்சம் விலகியதும் இறங்க ஆரம்பித்தோம். ஒரு வளைவில் என் போனுக்கு உயிர் வந்தது. அங்கேயே நின்று ஃபோர்மனைக் கூப்பிட்டேன். இல்லாவிட்டால் கீழே போவதற்குள் ஏதாவது யோசித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எடுத்தது ஃபோர்மனின் மனைவி. குரல் கிசுகிசுவென்று வந்தது. "அவர் தூங்கிட்டிருக்காருங்க."

அவரும் இரவு ஷிப்ட் என்பதை மறந்துவிட்டேன். என் குரலும் தானாக இறங்கிவிட்டது. "எழுப்ப வேண்டாங்க்கா. எழுந்ததும் சொல்லிடுங்க. அடுப்புக்காரன் பகலுக்கு வர்றானாம்னு."

சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு, "உங்க வீட்டுல சரின்னாங்களா?" என்றார்.

"சரின்னுட்டா."

"அவங்களே சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "நான்தாங்க்கா சொன்னேன்" என்றாள், அதே கிசுகிசுப்பில். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாத இரண்டு பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். சுற்றிலும் ஆளில்லாத மலை. அங்கே யாரும் தூங்கவுமில்லை. இருந்தாலும் இவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினாள். எனக்குக் கேட்டதெல்லாம் "ஆமாங்க்கா", "அதேதான்", "எங்க வீட்டுலயும் அப்படித்தான்". ஒரு இடத்தில் சிரித்தாள். என்னைப் பற்றித்தான் இருக்கும். நான் கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகம் மாறியிருந்தது.

"உங்க ஃபோர்மனுக்கும் பகல் குடுக்கறேன்னாங்களாம், போன வருஷம். அவரே வேண்டாம்னு சொல்லிட்டாராம். வீட்டுல கேக்கவே இல்லையாம்."

"அவருக்கு ராத்திரிதான் ஒத்துக்கும் போல."

"அப்படித்தான் அவங்களும் நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவளுடைய நேரம். எனக்கோ தெம்பு வந்துவிட்டது. பேக்கரிக்காரர் கதை, விடுதிக்காரம்மா சிரிப்பை அடக்கிய கதை, ஃபோர்மன் விழித்தெழுந்து என்ன சொல்வார் என்பது, எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இறக்கம் செங்குத்தான இடத்தில் அவள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். குதிகால் வலித்திருக்கும். பாதை சமமான பிறகும் கையை எடுக்கவில்லை. அதைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.